உறைப்பின் பூர்வீகம்

தமிழர் உணவின் தொன்மை பற்றிப் புலம்பெயர் சூழலில் வெளிவரும் விழா மலர்க் கட்டுரைகளில் ஒரு கூற்றுத் தவறாமல் இடம்பெறுவதை நான் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். உறைப்பான கறியும் சோறும் ஈராயிரம், மூவாயிரம், சில இடங்களில் ஐயாயிரம் ஆண்டுகளாக எமது உணவு என்பதே அது. இதை எழுதுபவர்கள் பெரும்பாலும் அடுத்த பந்தியிலேயே, எமது பிள்ளைகள் உறைப்பைத் தொட மறுக்கிறார்கள், பண்பாடு அழிகிறது என்ற புலம்பலுக்கு வந்துவிடுவார்கள். இதற்கு நேரெதிரான இன்னொரு கூற்றும் எம்மிடையே புழங்குகிறது. அது கொஞ்சம் படித்தவர்களின் கூற்று. மிளகாயைத் தந்தவன் போர்த்துக்கேயன், உருளைக்கிழங்கும் தக்காளியும் அப்படி வந்தவைதான், ஆகவே இந்தியச் சமையல் என்று ஒன்று இல்லவே இல்லை என்று ஒரு சிரிப்போடு சொல்லி முடிப்பது. இரண்டு கூற்றுகளும் வரலாற்றை ஒரு காணி உறுதியாகவே பார்க்கின்றன. காணி யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அப்பால் இரண்டுக்கும் கேள்வி கிடையாது.

நான் கேட்க விரும்புவது வேறு. மிளகாய் வந்த கப்பலைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதன் விதையை வாங்கி நட்டவர் யார், ஏன் நட்டார், நட்டதை ஏன் இவ்வளவு விரைவில் எல்லோரும் மறந்துபோனோம் என்பவை பற்றி எழுதப்பட்டது குறைவு.

மிளகாய்க்கு முந்திய கறியிலிருந்து தொடங்குவோம். சங்கப் பாடல்களில் 'கறி' என்ற சொல் மிளகைக் குறிக்கிறது. அகநானூற்றின் 149ஆவது பாடலில், முசிறித் துறைக்குப் பொன்னோடு வரும் யவனர் மரக்கலங்கள் திரும்பிப் போகும்போது கொண்டுபோவது இந்தக் கறியைத்தான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களிடையே மிளகு மூடைகள் கிடக்கின்றன. அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சமையற் குறிப்பே இருக்கிறது எனலாம். பாணனுக்கு அந்தணர் வீட்டில் கிடைக்கும் உணவில், வெண்ணெயில் வெந்த மாதுளங்காயோடு மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்திருக்கின்றன. மாதுளங்காயை எடுத்துவிட்டு வேறொரு காயைப் போட்டால் இன்றும் அது ஒரு பிரட்டல் கறிதான்.

இதற்கு வெளிச்சாட்சியும் உண்டு. எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே துறைமுக அகழ்வில், கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சாடியொன்று ஏறத்தாழ 7.5 கிலோ மிளகோடு ஒரு கோயில் முற்றத்தில் கிடைத்தது. அதே நூற்றாண்டில் உரோமில் இருந்த பிளினி, காரத்தைத் தவிர வேறு எந்தச் சிறப்பும் இல்லாத இப்பொருளை மனிதர் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று எரிச்சலோடு கேட்டுவிட்டு, அதன் விலைகளையும் எழுதி வைத்தார். இறாத்தல் ஒன்றுக்குக் கருமிளகு 4 தெனாரியஸ், திப்பிலி 15. வடக்கே போனால், ஹரியானாவிலுள்ள பர்மானா என்ற ஹரப்பாக் காலக் குடியிருப்பின் பானைகளிலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்த மாப்பொருள் துணிக்கைகளில் மஞ்சளும் இஞ்சியும் கத்தரியும் அடையாளம் காணப்பட்டன. அவை கிறிஸ்துவுக்கு முன் 2000க்கும் முந்தியவை. கிழக்கே, தென் வியட்நாமின் ஓக்கேயோவில் கிடைத்த, எமது அம்மியை ஒத்த அரைகல்லொன்றில் மஞ்சள், இஞ்சி, கராம்பு, சாதிக்காய், கறுவா ஆகியவற்றின் எச்சங்கள் இருந்ததாக 2023இல் ஆய்வறிக்கை வெளிவந்தது. அக்கல் ஏறத்தாழ 1800 ஆண்டுகள் பழையது. ஆகவே கூட்டரைத்துச் சமைப்பது பழைய பழக்கம்தான். போர்த்துக்கேயன் வருமுன் ஒன்றுமே இருக்கவில்லை என்ற பகிடிக்கு இங்கே இடமில்லை.

ஆனால் இந்த இடங்களில் எதிலும் மிளகாய் இல்லை. அறுசுவையில் கார்ப்பு உண்டு. அந்தக் கார்ப்பு எதனுடையது என்பதற்குப் பதிலை எமது வைத்தியமே வைத்திருக்கிறது. திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி. ஒரு நீதிநூலுக்குப் பெயராகும் அளவுக்கு ஊறிப்போன அந்த மூன்றில் நான்காவதாக மிளகாய் சேர்க்கப்படவேயில்லை.

மிளகாயின் ஊர் அமெரிக்காக் கண்டம். அங்கே ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அதைச் சமைத்துத் தின்றதற்குத் தொல்லியற் சான்று இருக்கிறது. இந்தியாவில் இன்று பெரும்பாலும் விளையும் இனம் மெக்சிக்கோவில் பயிராக்கப்பட்டது. ஆங்கிலேயர் சொல்லும் 'சில்லி' அந்நாட்டு நஹுவாத்தல் மொழிச் சொல். 1492இல் கொலம்பஸ் மிளகையும் இந்தியாவையும் தேடிப் போய்க் கரிபியன் தீவுகளில் கரையேறினார். அங்கிருந்த மக்களை இந்தியர் என்றார். அவர்கள் 'அஹீ' என்ற காயை மிளகுக்குச் சமமாக, அதைவிட மேலானதாக எழுதிவைத்தார். இந்த இரண்டு தவறான பெயர்களும் ஐந்நூறு வருடங்களாக நிலைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இன்றும் மிளகுக்கும் குடைமிளகாய்க்கும் பெயர் ஒன்றுதான்.

1498இல் கள்ளிக்கோட்டை, 1500இல் பிரேசில், 1510இல் கோவா என்று போர்த்துக்கேயரின் கடல்வழி ஒரே கயிறாக முறுக்கப்பட்டபோது மிளகாய் விதையும் அக்கயிற்றோடு வந்தது. வியப்பு இதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1542இல் ஜேர்மானியத் தாவரவியலாளர் லெயோன்ஹார்ட் ஃபூக்ஸ் தமது மூலிகை நூலில் மிளகாய்ச் செடியைப் படத்தோடு விவரித்தபோது அதற்குக் கொடுத்த பெயர் கள்ளிக்கோட்டை மிளகு! கொலம்பஸ் கரையேறி ஐம்பதே வருடங்கள். அதற்குள் ஐரோப்பாவின் அறிஞரொருவர் இது இந்தியச் செடி என்று நம்பியிருக்கிறார். 1776இல் யாக்கின் என்ற தாவரவியலாளர் அதன் இன்னொரு இனம் சீனாவிலிருந்து வந்தது என நினைத்துச் 'சினென்ஸ்' என்று பெயர் வைத்தார். 2007இல் உலகின் மிக உறைப்பான மிளகாய் என்று கின்னஸ் பதிந்து, இந்தியாவின் பெருமையாகக் கொண்டாடப்பட்ட அசாம், நாகலாந்துப் பக்கத்துப் 'பூத் ஜோலோகியா' இந்த 'சீன' இனத்தின் வழிவந்ததே. அமெரிக்கச் செடி, சீனப் பெயர், இந்தியப் பெருமை. மறதி எம்முடைய தனிச்சொத்து அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எழுதியவர்கள் மறந்தாலும் பேசியவர்கள் முற்றாக மறக்கவில்லை. தமிழில் அது மிளகு போன்ற காய், மிளகாய். கன்னடத்தில் மெணசினகாயி, மெணசு என்றால் மிளகு. ஹிந்தியில் மிர்ச் என்ற பழைய மிளகுப் பெயரை மிளகாய் பறித்துக்கொள்ள, மிளகு 'காலி மிர்ச்' என்று நிறத்தைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டவேண்டி வந்தது. மலையாளத்தில் முதலில் பறங்கி முளகு, கப்பல் முளகு என்றெல்லாம் அழைக்கப்பட்ட வரத்தன் இன்று வெறும் முளகு ஆகிவிட்டான். உள்ளூர்க்காரனோ 'நல்ல முளகு' என்றும் 'குருமுளகு' என்றும் அடைமொழியோடு திரிகிறான். சிங்களத்தில் இது இன்னும் துலக்கம். மிரிஸ் என்றால் மிளகாய். மிளகு கம்மிரிஸ், ஊர் மிரிஸ். பூர்வீகக் குடிக்கு ஊர்க்காரன் என்ற பட்டம் வருவது, வந்தவன் வீட்டை எடுத்துக்கொண்ட பிறகுதான். மண்ணின் மைந்தர் வாதம் பேசுவோர் எந்த மொழிக்காரராயினும் இந்தச் சொல்லைச் சற்று யோசிக்கலாம்.

அடுத்தது, யார் நட்டார் என்ற கேள்வி. இதற்கு அரச ஆவணம் எதுவும் உதவாது. 1590 அளவில் அபுல் பஸல் எழுதிமுடித்த ஆயினி அக்பரி, அக்பரின் சமையற்கட்டைப் பண்டம் பண்டமாக எடைபோட்டு எழுதிய நூல். அங்கே மிளகு உண்டு, இஞ்சி உண்டு, ஏலம், கராம்பு, சீரகம் உண்டு. மிளகாய் இல்லை. கோயிலும் அதற்குக் கதவைத் திறக்கவில்லை. பூரி ஜெகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தில் இன்றும் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி சேர்ப்பதில்லை. தமிழகத்துப் பிராமண வீடுகளில் திவசச் சமையலுக்கு மிளகுதான், மிளகாய் ஆகாது. பிதிர்களுக்குத் தெரியாத பண்டத்தை அவர்களுக்குப் படைக்க முடியாது என்பது ஒருவகையில் நேர்மையான தர்க்கம்தான். சடங்குதான் வரலாற்றை மறைக்கிறது என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்த விடயத்தில் மட்டும் சடங்கு வரலாற்றை உள்ளது உள்ளபடி காப்பாற்றி வைத்திருக்கிறது.

அரண்மனையும் கோயிலும் ஏற்றுக்கொள்ளாத ஒரு செடி, ஓரிரு நூற்றாண்டுகளில் ஒரு துணைக்கண்டத்தின் நாக்கையே மாற்றியது என்றால் அது எந்த வழியாக உள்ளே வந்திருக்க முடியும்? என் பதில், பின்வளவு வழியாக. மிளகுக் கொடிக்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் மழையும் நிழலும் வேண்டும். நட்டு மூன்று நான்கு வருடம் காத்திருக்கவும் வேண்டும். விளைந்த பின்னும் அது வணிகனின் பண்டம், அரசனின் வரி. சோழர்காலக் கோயிற் கல்வெட்டுகளில் 'மிளகமுது' அளந்து எழுதப்பட்டிருக்கிறது. அளந்து எழுதப்படும் பண்டம் எல்லோருக்கும் கிடைக்கும் பண்டமல்ல. போர்த்துக்கேய முடியோ மிளகைத் தன் ஏகபோகமாக அறிவித்து, அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலங்களைக் கடலில் பிடித்தது. மிளகாய்க்கு இவை எதுவும் பொருந்தாது. ஒரு பழத்தை உதிர்த்தால் பத்துக் குடும்பத்துக்கு விதை. வரண்ட நிலத்திலும் கிணற்றடியிலும் வளரும். சில மாதத்தில் காய்க்கும். வெயிலில் காயவைத்தால் வருடம் முழுவதும் இருக்கும். இப்படியான ஒன்றுக்கு எவனும் ஏகபோகம் கொண்டாட முடியாது. போர்த்துக்கேயன் 'தந்தான்' என்று சொல்வதில் எனக்குள்ள மறுப்பும் இதுதான். அவன் வந்தது மிளகைக் கொண்டுபோக. மிளகாயால் அவனுக்குச் சொல்லத்தக்க வருமானம் எதுவுமில்லை. அதைப் பரப்பியவர்கள் மிளகு வாங்க வழியில்லாதவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

அவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பெரிய கோட்பாடு வேண்டியதில்லை. மகாராட்டிர உழவர் சோளரொட்டியோடு தின்னும் இடித்த மிளகாய்த் 'தேச்சா', ஆந்திராவில் சுடுசோற்றில் பிசையும் காரப்பொடியும் எண்ணெயும், எமது ஊர்ப் பழஞ்சோற்றுக்குப் பச்சைமிளகாயும் வெங்காயமும் எல்லாம் ஒரே கணக்கு. கறி இல்லாத சோற்றைத் தொண்டைக்குள் இறக்குவதற்கு மிகவும் மலிவான வழி அது. பணக்காரச் சமையல் வாசனையால் தன்னைக் காட்டிக்கொள்ளும், குங்குமப்பூவும் ஏலமும் போல. ஏழைச் சமையலுக்கு உறைப்பு.

வெப்ப நாட்டவன் உறைப்புத் தின்பான், வியர்ப்பான், குளிர்வான், உணவு கெடாமலும் இருக்கும் என்ற விளக்கத்தைப் பாடசாலையிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். காலனித்துவ காலத்து எழுத்துகளில் இது வெப்ப நாடு, வெப்ப உணவு, வெப்பக் குணம் என்று நீண்டு போவதையும் அறிவோம். 1998இல் அமெரிக்க ஆய்வாளர்களான பில்லிங், ஷெர்மன் இருவரும், வெப்ப நாடுகளில் கிருமியைக் கொல்லவே வாசனைப் பொருட்கள் கூடுதலாகப் பாவிக்கப்படுகின்றன என்று இதற்கு ஒரு விஞ்ஞான உருவம் கொடுத்தார்கள். 2021இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் குழுவொன்று 70 சமையல் மரபுகளின் 33,750 குறிப்புகளை எடுத்துச் சோதித்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. வெப்பநிலை காரணமாகத் தெரியவில்லை. மாறாக, வறுமையோடும் நலக்குறைவோடும்தான் உறைப்புக் கூடுதலாக ஒட்டிப் போனது. இது நான் மேலே சொன்னதை நிரூபிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் சூரியனை விட்டுவிட்டுச் சமுதாயத்தைப் பார் என்று சொல்கிறது.

உடலியல் பற்றியும் ஒரு வார்த்தை. உறைப்பு உண்மையில் ஒரு சுவையல்ல, வலி. மிளகாயிலுள்ள கப்சைசின், நரம்பு நுனியில் சுடுபொருளை உணர்வதற்கென்று இருக்கும் வாயிலைத் திறந்துவிடுகிறது. ஏறத்தாழ 43 பாகை வெப்பத்தில் திறக்கவேண்டிய வாயில் அது. 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நொபெல் பரிசு கிடைத்தது. அம்மா இதை முன்பே 'வாய் எரியுது' என்று சரியாகத்தான் சொல்லி வைத்தாள். பாலூட்டிகளுக்கு எரியும், பறவைகளுக்கு எரியாது. கிளிக்கு மிளகாய் கொடுத்து வளர்த்த எமது வீடுகளுக்கு இது புதினமல்ல. செடிக்கு வேண்டியதும் அதுதான். விதையைக் கடித்து நொறுக்கும் மிருகத்தை விரட்டி, முழுதாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவையை அழைப்பது. விரட்டப்படவேண்டிய மிருகங்களுள் ஒன்றான மனிதன் அந்த வலியையே விரும்பத் தொடங்கி, எந்தப் பறவையாலும் முடியாத தூரத்துக்கு விதையைச் சுமந்தான்.

இனிக் 'கறி' என்ற சொல்லின் பயணம். ஐரோப்பியர் அதைப் போர்த்துக்கேயரின் வாயிலிருந்து எடுத்தார்கள். கோவாவிலிருந்து திரும்பிய ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன் 1596இல், சோற்றின் மேல் ஊற்றித் தின்னும் மீன் குழம்பைக் 'கரில்' என்ற அதன் போர்த்துக்கேய வடிவத்தையொட்டிக் குறித்தார். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் சோற்றோடு தின்னும் கறியைச் சொல்லும்போது, அது போர்த்துக்கேயச் சொல் என்றே எழுதுகிறார். தமிழ்ச் சொல் ஒன்று தமிழர் வாழும் தீவிலேயே அந்நியச் சொல்லாகப் பதிவாகிறது! மிளகாய்க்கு நேர்ந்ததன் மறுபக்கம் இது. வந்தது உள்ளூராகியது, உள்ளூர் வந்ததாகியது.

1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் அச்சிட்ட சமையல் நூலின் 'இந்திய முறைக் கறி'யில் மிளகும் மல்லியும்தான் உறைப்பும் வாசனையும். மிளகாய் கிடையாது. இன்று பிரித்தானியாவில், பெரும்பாலும் சில்ஹெட் பகுதி வங்காளிகள் நடத்தும் 'இந்திய' றெஸ்ரோரண்டுகளின் விலைப்பட்டியலில் உறைப்பு ஒரு ஏணியாக நிற்கிறது. கோர்மா கீழ்ப்படி, மெட்ராஸ் அதற்கு மேல், விண்டாலு உச்சம். மெட்ராஸ் என்ற கறியைச் சென்னையில் எவரும் சமைப்பதில்லை. விண்டாலு, வினாகிரியிலும் உள்ளியிலும் ஊறிய இறைச்சி என்ற போர்த்துக்கேய உணவின் பெயர். கோவாக் கத்தோலிக்கர் அதைப் பன்றி இறைச்சியோடும் மிளகாயோடும் தமதாக்கினார்கள். ஒரு சமூகத்தின் பெருநாள் உணவு இன்னொரு நாட்டில் குடிபோதைப் பந்தயமாக இறங்கியது. எம்மில் பலர் முதலில் கோப்பை கழுவியது இவ்வகைக் குசினிகளில்தான். அங்கே கழுவியது யாருடைய உணவின் மிச்சத்தை என்று ஒருபோதும் யோசித்ததில்லை.

எமது பக்கத்துக் கதைக்கு ஒரு பந்தி. 1970இல் பதவிக்கு வந்த சிறீமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நிமிர்ந்தான். விசுவமடு, முத்தையன்கட்டுப் படித்த வாலிபர் திட்டங்களில் செத்தல் மிளகாய் காசாகக் காய்ந்தது. கல்வீடு எழும்பியதும், சீதனம் கொடுத்ததும், உழவுயந்திரம் வாங்கியதும் மிளகாயால். 1977இல் ஜே.ஆரின் திறந்த பொருளாதாரம் வந்தபோது இறக்குமதி மிளகாய் சந்தையில் இறங்கியது, விலை விழுந்தது. இனப் பிரச்சினையின் வரலாற்றை மொழியிலும் தரப்படுத்தலிலும் தேடும் நாம் இந்த மிளகாய் வருமானத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை. நானூறு வருடங்களுக்கு முன் எவரோ கிணற்றடியில் நட்ட அந்நியச் செடி, ஒரு தலைமுறையின் அரசியற் பொருளாதாரமாகியிருந்தது. இன்று பாரிசிலும் ஒஸ்லோவிலும் நாம் வாங்கும் செத்தல் மிளகாய்ப் பையில் பெரும்பாலும் இந்தியா என்று இருக்கும். குண்டூர்ப் பக்கத்தில் வெயிலில் சிவப்பாக விரிந்து கிடப்பது அதுதான். உலகில் காய்ந்த மிளகாயை மிகுதியாக விளைவிப்பதும் விற்பதும் இந்தியாவே. மெக்சிக்கோவின் கடைகளிலும் இன்று இறக்குமதி மிளகாய் விற்கிறது.

கடைசியாக ஒரு சொல். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரும் முஸ்லிம்களும் மிளகாயைக் கொச்சிக்காய் என்பார்கள். சிங்களத்திலும் ஒருவகைச் சிறு மிளகாய் கொச்சி. கொச்சித் துறைமுகத்தின் பெயர்தான் அதில் ஒட்டியிருக்கிறது என்பது என் வாசிப்பு. இங்குள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றில் கிழக்கு மாகாணப் பெற்றோரின் பிள்ளையொருத்தி பட அட்டையைப் பார்த்துக் 'கொச்சிக்காய்' என்று சொன்னாள். அது கொச்சைத் தமிழ், மிளகாய் என்று சொல்லவேண்டும் என்று ஆசிரியை திருத்தினார். பிள்ளை திருத்தி எழுதினாள்.